உஷார்! ‘பியூர் லெதர்’ சோபா தோலுரியப் போகிறது

ஆடி பிறந்துவிட்டால் ஃபர்னிச்சர் கடைகளின் முழுப்பக்க விளம்பரங்களுக்குப் பஞ்சமே இல்லை. மூன்று பேர் உட்காரும் சோபா, இரண்டு தனி நாற்காலி, கூடவே டீப்பாய் இலவசம். ‘ஜெனூயின் லெதர்’ என்று கொட்டை எழுத்து. பக்கத்திலேயே 34,999 ரூபாய் மட்டும் என்று விலை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தவர்கள், மகள் கல்யாணத்துக்குச் சீர் சாமான் வாங்க அலைகிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த விலைக்கு அந்தப் பொருள் வராது. வரவே வராது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். தோல் என்பது சதுர அடிக் கணக்கில் விற்கிற சரக்கு. மூன்று பேர் சோபாவை முதுகு, இருக்கை, கைப்பிடி, பின்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் தோலால் போர்த்த, வெட்டுச் சேதாரமும் சேர்த்து ஏறக்குறைய 200 சதுர அடி பிடிக்கும். சதுர அடி 150 ரூபாய் என்று மலிவாகவே வைத்துக்கொண்டாலும் தோலுக்கு மட்டும் 30,000 ஆகிவிட்டது. மரச்சட்டம், ஃபோம், ஸ்பிரிங், தைத்தவர் கூலி, வண்டி வாடகை, கடை வாடகை, ஜி.எஸ்.டி., முதலாளியின் லாபம் எல்லாம் மிச்சமிருக்கும் 4,999 ரூபாய்க்குள் அடங்கவேண்டும். இரண்டு நாற்காலியும் டீப்பாயும் வேறு இருக்கின்றன. ஆக, அந்த ‘லெதர்’ சோபாவில் லெதர் எவ்வளவு இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கிற மாநிலம் இது. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவருகிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் ரெக்சினுக்குத் தோல் விலை கொடுக்கிறோம். “ஆம்பூர் சரக்கு சார், எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், அதான் இந்த ரேட்டு” என்று விற்பனையாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஓடுவது ஷூ, செருப்பு, பை இவற்றுக்கான தோல். சோபாவுக்கு வேண்டியது வேறு ரகம். அதற்குப் பெரிய தோல் வேண்டும். ஐரோப்பிய மாட்டுத் தோல் ஒன்று 50 சதுர அடி வரை வரும். நம் நாட்டு மாட்டுத் தோல் ஏறக்குறைய அதில் பாதிதான். தோல் சிறுத்தால் ஒட்டும் தையலும் கூடும்.

சரி, அவர்கள் விற்பது என்ன?

பெரும்பாலும் ‘பாண்டட் லெதர்’. தொழிற்சாலையில் வெட்டியது போக மிஞ்சும் துண்டு துணுக்குகளையும் சீவிய தூளையும் அரைத்து, பசை கலந்து, தாள் மாதிரி உருட்டி, ஒரு துணியின் மேல் ஒட்டி, அதற்கும் மேலே பாலியூரித்தேன் படலம் பூசிவிடுகிறார்கள். கடைசியில் சூடான உருளையை ஓடவிட்டால் மாட்டுத் தோலின் ரேகையும் துளையும் அச்சாகப் பதிந்துவிடும். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகையைத் தேக்கு என்று விற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உண்மையான தோல் 10, 20 சதவீதத்தைத் தாண்டாத சரக்கு சந்தையில் ஏராளம். அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் உண்டு. பாண்டட் லெதர் என்று போட்டால், அதில் தோல் எத்தனை சதவீதம், மற்றது எத்தனை சதவீதம் என்றும் போடவேண்டும். நம் ஊர்க் கடையில் கேட்டுப் பாருங்கள். “லெதரேதான் மேடம், பாண்டட் லெதர்” என்று ஏதோ கூடுதல் பலம் சேர்த்த சரக்கு போலச் சொல்வார்கள்.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பது அனுபவப்பட்ட வீடுகளுக்குத் தெரியும். முதல் வருடம் பளபளவென்று இருக்கும். அடுத்து, உட்காரும் இடத்தில் தலைமுடி கனத்துக்குக் கோடுகள் விழும். பிறகு ஒரு நாள் காலையில் கூடம் பெருக்கும்போது துடைப்பத்தில் கறுப்புச் செதில் செதிலாக வரும். தவழும் குழந்தை இருந்தால் அதன் வாயில் இருக்கும், உள்ளங்கையில் ஒட்டியிருக்கும். வேட்டியில் ஒட்டும், புடவையில் ஒட்டும். பல வீடுகளில் இது இரண்டு, மூன்று வருடத்திலேயே நடந்துவிடுகிறது. அப்போது வாரன்டி சீட்டைத் தேடி எடுத்தால் ‘மேலுறைக்கு 1 ஆண்டு’ என்று பொடி எழுத்தில் இருக்கும். பெயிண்ட் அடிக்கலாமா, ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்காதீர்கள். பிடித்துக்கொள்ள அடியில் ஒன்றுமே மிச்சமில்லாத இடத்தில் எதுவும் நிற்காது.

நம் ஊர்த் தட்பவெப்பம் இதற்குத் துணைபோகிறது. பாலியூரித்தேன் படலத்துக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து வந்தால் ஆகாது. காற்றில் இருக்கும் நீராவியே அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதேதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வருடம் முழுக்கக் காற்றே வியர்வை மாதிரி ஒட்டுகிறது. அங்கெல்லாம் இந்த வேலை ஓய்வில்லாமல் நடக்கும். சோபாவில் யாரும் உட்காரவேண்டும் என்றுகூட இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும்போது பிரிக்கலாம் என்று பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவைத்த சோபாவும் உரிகிறது.

துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய சுத்த ரெக்சினுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரெக்சின் என்று சொல்லி ரெக்சின் விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். ‘வீகன் லெதர்’, ‘ஏர் லெதர்’, ‘லெதரெட்’ என்று ஜரிகை கட்டி மூன்று மடங்கு விலை வைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. பெயர் எதுவானாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது பாலியூரித்தேன் (பி.யூ.) அல்லது பி.வி.சி. பூசிய துணி. பி.யூ. சரக்கிலும் தரம் உண்டு. 70 டிகிரி செல்சியஸ் வெப்பம், 95 சதவீத ஈரப்பதம் கொண்ட பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் ‘ஜங்கிள் டெஸ்ட்’ ஒன்று இருக்கிறது. பெரிய கம்பெனிச் சரக்காக இருந்தால் அந்தச் சான்று கேளுங்கள். விற்பனையாளர் விழித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இரண்டாவது வலை இன்னும் நாசூக்கானது. மாட்டுத் தோல் சில மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும். அதை இயந்திரத்தில் கொடுத்து ஏடு ஏடாகப் பிளப்பார்கள். மயிர்க்கால் உள்ள மேல் ஏட்டில்தான் வலுவும் அழகும். அடி ஏடு ‘ஸ்பிளிட்’. அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டிப் பளபளப்பாக்கினால், ‘ஜெனூயின் லெதர்’ முத்திரை குத்துவதில் சட்டப்படி பெரிய பொய் இல்லை. மாட்டுத் தோல்தானே! ஆனால் மேலே ஒட்டிய படலம் மடிப்புகளில் வெடித்தால், அடியில் இருப்பது சொரசொரப்பான ஸ்பிளிட்தான். ஆகவே ‘ஜெனூயின்’ என்ற சொல்லைக் கேட்டு மயங்கவேண்டாம். மேல் ஏடா, அடி ஏடா என்று கேளுங்கள். ‘ஃபுல் கிரெய்ன்’, ‘டாப் கிரெய்ன்’ என்பவை மேல் ஏடு.

‘ஹாஃப் லெதர்’ என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு படும் இருக்கையும் முதுகும் கையும் தோல். பக்கவாட்டும் பின்புறமும் அதே நிறத்தில் ரெக்சின். முன்கூட்டியே சொல்லி விலை குறைத்தால் தப்பில்லை. சொல்லாமல் முழுத் தோல் விலை வாங்கினால் மோசடி. ஐந்தாறு வருடத்தில் தோல் ஒரு நிறம், ரெக்சின் ஒரு நிறம் என்று சாயம் வெளுக்கும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? முகர்ந்து பார்க்காதீர்கள், தோல் வாசனை பாட்டிலிலேயே கிடைக்கிறது. ரேகை ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வந்தால் போலி என்பார்கள். அதையும் முழுசாக நம்பமுடியாது, நல்ல தோலிலேயே தழும்பைத் தேய்த்து எடுத்துவிட்டு அச்சு ரேகை பதிப்பது உண்டு. லைட்டரைக் காட்டிச் சோதிக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபோம் பற்றிக்கொண்டால் கடையே போய்விடும்.

நம்பக்கூடியது அடிப்பக்கம் ஒன்றுதான். குஷனைத் திருப்பி ஜிப்பைத் திறந்து, உறையின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நெசவு தெரிந்தாலோ வலை மாதிரிப் பின்னல் தெரிந்தாலோ அது ரெக்சினோ பாண்டட் லெதரோதான், பேச்சே இல்லை. மெத்தென்று பஞ்சுபோல இருந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், சில பாண்டட் சரக்கின் முதுகும் அப்படித்தான் இருக்கும். வெட்டிய ஓரத்தை நகத்தால் நிமிண்டுங்கள். உண்மைத் தோலில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருக்கும், இழுத்தால் வராது. பாண்டட் லெதர் தூளாக உதிரும், அல்லது ஏடு ஏடாகப் பிரியும். ஜிப் இல்லாத சோபாவா? அடிப்பக்கம் ஸ்டேப்ளர் அடித்த கறுப்புத் துணியின் ஓரத்தை விலக்கினால் மடித்த விளிம்பு தெரியும். “அதையெல்லாம் திறக்கக் கூடாது சார்” என்று தடுக்கிறார்களா, அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. கையில் கொடுக்கும் சாம்பிள் துண்டு அசல் தோலாக இருக்கும். ஆர்டர் கொடுத்து மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வரும் சோபா வேறாக இருக்கும். அந்தத் துண்டின் பின்னால் கடைக்காரரின் கையெழுத்தையும் சீலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோபா வந்து இறங்கியதும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் தாண்டி, ‘காசு போனால் போகிறது, இருப்பதிலேயே உசத்தியான தோலை எடுப்போம்’ என்று ஒன்றரை லட்சத்தோடு போகிறவர்களுக்குத்தான் முக்கியமான எச்சரிக்கை. உசத்தியான தோல் உங்கள் வீட்டுக்குச் சரியான தோலாக இல்லாமல் போகலாம்.

தோலில் மூன்று விதமான முடிப்பு உண்டு. ‘அனிலின்’ என்பது சாயம் மட்டும் ஊட்டியது. மேலே பூச்சு எதுவும் இல்லாததால் துளைகள் திறந்தே இருக்கும். தொட்டால் வெண்ணெய். விலையும் அதற்கேற்ப. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் இறங்கும் இடத்தில் சாம்பாரும் இறங்கும், காபியும் இறங்கும், குழந்தையின் மூத்திரமும் இறங்கும். மேற்குப் பார்த்த ஜன்னல் வெயில் பட்டால் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்வந்தால் பூஞ்சணம் பூத்திருக்கும். நூபக், ஸ்வேட் இரண்டும் இதைவிட மோசம். நம் கூடத்துக்கு ஆகவே ஆகாது. ‘செமி அனிலின்’ நடுவாந்தரம், மெல்லிய பூச்சு உண்டு. மூன்றாவது ‘பிக்மென்டட்’, நிறமிப் பூச்சு பூசிய தோல். ஷோரூமில் இதைக் கொஞ்சம் இளப்பமாகப் பேசுவார்கள், தோலின் இயல்பு தெரியவில்லை என்பார்கள். குழந்தையும் பூனையும் விருந்தாளியும் நடமாடும் தமிழ் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மேல் ஏடு, நிறமிப் பூச்சு, தடிமன் 1 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். தண்ணீர்ச் சொட்டு முத்தாக நிற்கும், துடைத்தால் போய்விடும். பூச்சு என்ற பெயரில் பிளாஸ்டிக்கை அப்பியிருக்கிறார்களா என்பதற்கும் அளவு இருக்கிறது. ஐரோப்பியத் தர வரையறைப்படி மேற்பூச்சு 0.15 மி.மீ.க்கு மேல் போனால் அதை வெறுமனே ‘தோல்’ என்று அழைக்கக் கூடாது, ‘பூச்சுத் தோல்’ என்றுதான் சொல்லவேண்டும்.

எந்தத் தோல் எடுத்தாலும் நம் வீடுகளில் அதன் பரம எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் தடவிச் சாய்ந்து டி.வி. பார்க்கும் பழக்கம் நமக்கு. சோபாவில் முதலில் பழுதாவது தலை சாயும் இடமும் கை வைக்கும் இடமும்தான். எண்ணெயும் வியர்வையும் பூச்சுக்கு அடியில் இறங்கி அதை இளக்கிவிடும். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் நிறம் கையோடு வரும். பி.வி.சி. ரெக்சினில் வேறு மாதிரி: அதை வளையச் செய்யும் பொருளை எண்ணெய் உறிஞ்சிவிட, உறை விறைத்து வெடிக்கும். அரசு அலுவலகங்களில் அதிகாரியின் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருப்பதை நாம் எல்லோரும் கிண்டல் செய்திருக்கிறோம். தோல் சோபா வாங்குகிறவர்கள் மரியாதையாக அதே துண்டைப் போடுங்கள்.

வீடியோ பார்த்து ‘பாலிஷுக்கு’ அதே தேங்காய் எண்ணெயைத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கூடாது. வினிகர், டெட்டால், சானிடைசர், குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான் எதுவும் கூடாது. தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது. காரமான சோப்புத் தண்ணீரும் ஆகாது. பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். சுவரை ஒட்டிப் போடாமல் அரையடி இடம் விடுங்கள்.

உடம்பையே பதம்பார்த்த சோபாக்களும் உண்டு. 2006க்குப் பிறகு சீனாவில் செய்து பிரிட்டன், பின்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்குப் போன சோபாக்களில், வழியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்ற வேதிப்பொருளைச் சிறு பொட்டலங்களாக உள்ளே போட்டிருந்தார்கள். உட்கார்ந்தவரின் உடல் சூட்டில் அது ஆவியாகி உறை வழியாக மேலே வந்தது. முதுகிலும் தொடையிலும் தீக்காயம் மாதிரிப் புண். டாக்டர்களுக்கே முதலில் காரணம் பிடிபடவில்லை. பிரிட்டனில் சுமார் 2,000 பேர் வழக்குத் தொடுத்து, 2010இல் 2 கோடி பவுண்டு வரை இழப்பீடு என்று முடிவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இலேயே அந்தப் பொருளுக்குத் தடை போட்டது. ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இறக்குமதிச் சோபா வாங்கி, பெயர் போடாத பொடிப் பொட்டலங்கள் உள்ளே இருந்தால் எடுத்தெறியுங்கள். சிலிக்கா ஜெல் என்றால் உருண்டையாக, கண்ணாடி மணி மாதிரி இருக்கும், அதற்குப் பயப்படவேண்டியதில்லை. புது சோபாவில் உட்கார ஆரம்பித்ததும் முதுகிலும் தொடையிலும் அரிப்பு, தடிப்பு வந்தால் உட்காருவதை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள், சோபா வாங்கியதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, பில். ‘3 சீட்டர் லெதர் சோபா – 1’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ‘டாப் கிரெய்ன் மாட்டுத் தோல், பிக்மென்டட், நான்கு பக்கமும்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஹாஃப் லெதர் என்றால் எந்தெந்தப் பாகம் தோல் என்று எழுதட்டும். மேலுறை உரிவது வாரன்டியில் வருமா, வராதா, எத்தனை வருடம் என்பதும் எழுத்தில் வரவேண்டும். வாயால் சத்தியம் செய்கிறவர் பேனாவைத் தொடத் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ‘பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம்’ என்ற ஆசைக்கு விழுந்தால் பிறகு கேள்வி கேட்க உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது.

பட்ஜெட் 50,000க்குள்தான் என்றால் லெதர் ஆசையை விட்டுவிடுங்கள் என்பது என் தீர்ப்பு. அந்தப் பணத்துக்கு நல்ல மரச்சட்டமும் அடர்த்தியான ஃபோமும் போட்டு, கழற்றித் துவைக்கிற துணி உறையோடு அருமையான சோபா கிடைக்கும். பாண்டட் லெதரை மட்டும் எந்த விலையிலும் தொடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உரிந்த செதிலை ஒரு கவரில் போட்டு, போட்டோ எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கை வேறாக வர்ணித்து விற்பதும், பில் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிடுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் கட்டாயம் இல்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போயாகவேண்டும். “அடுத்த மாசம் ஆள் அனுப்புறோம் சார்” என்று கடைக்காரர் இழுத்தடிப்பது அந்த இரண்டு வருடத்தைத் தாண்டத்தான், காத்திருக்காதீர்கள்.